வந்த பாதையை யாரிடம் சொல்லலாம்? பிஜிபி அறிவிப்புகளுக்கு வடிகட்டி போட்ட அனுபவம்

இரண்டாவது அப்ஸ்ட்ரீம் இணைப்பு, அதாவது எங்களுக்கு மேலே இருந்து இணையம் தரும் பெரிய நிறுவனத்தின் இணைப்பு, வந்து சேர்ந்த அன்று ராத்திரி மணி பதினொன்றரை. ஃபைபரில் ஒளியளவு சரியாக இருந்தது, எதிர்முனைக்குப் பிங் போனது. பிஜிபி செஷன் மட்டும் நிற்கவில்லை. எந்த முகவரிக்கு எந்த வழியாகப் போகலாம் என்று நிறுவனங்களின் ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் மொழி பிஜிபி, அந்தப் பேச்சுத் தொடர்புதான் செஷன். எழும், இரண்டு மூன்று வினாடியில் விழும். சில நிமிடம் கழித்து மறுபடி எழும், மறுபடி விழும்.

எங்களுடையது சிறிய இணைய நிறுவனம். கேபிள் தொழிலிலிருந்து வளர்ந்தது. அதுவரை ஒரே ஒரு அப்ஸ்ட்ரீம்தான். அது அறுந்தால் ஊரே இருட்டு என்பதால் இரண்டாவதை எடுத்தோம். அதைப் பொருத்தும் பொறுப்பு என்னுடையது. ஃபைபரைச் செருகும் எஸ்எஃப்பி மாட்யூலை மாற்றிப் பார்த்தேன், பேட்ச் கார்டை மாற்றினேன். ரவுட்டரின் பதிவில் ஒவ்வொரு முறையும் ஒரே வரி: நோட்டிஃபிகேஷன் 6/1. ஆறு என்றால் செஷனை எதிராளி தானாக முடித்துக்கொண்டார் என்று அர்த்தம். அதுவரைக்கும் எனக்குத் தெரியும். அடுத்திருந்த ஒன்றை நான் கவனிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் புதிய அப்ஸ்ட்ரீம் பக்கத்துப் பொறியாளர் போன் செய்தார்.

“சார், லைன்ல பிரச்சினை இல்ல. எங்க ரவுட்டர்தான் வெட்டுது. உங்ககிட்டருந்து ஐம்பது ப்ரிஃபிக்ஸுக்கு மேல வந்தா கட் ஆகுற மாதிரி வெச்சிருக்கோம். நீங்க உலகத்துல இருக்கிற எல்லா ரூட்டையும் எங்களுக்கு அனுப்பிட்டிருக்கீங்க.”

6/1இல் அந்த ஒன்றின் பொருள் இதுதான்: ஒப்புக்கொண்ட எண்ணிக்கைக்கு மேல் ப்ரிஃபிக்ஸ், அதாவது முகவரித் தொகுதி, வந்துவிட்டது. முதல் அப்ஸ்ட்ரீம் எங்களுக்கு முழு இணையத்தின் பாதைப் பட்டியலையும் கொடுக்கிறது, 9 லட்சத்துக்கும் மேல். அதை அப்படியே நான் இரண்டாவது அப்ஸ்ட்ரீமிடம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். “இந்த 9 லட்சம் இடங்களுக்கும் என் வழியாகப் போகலாம்” என்று ஒரு சின்ன ஊர் ரவுட்டர் சொல்லியிருக்கிறது. அவர்கள் போட்டிருந்த ஐம்பது என்ற எல்லைதான் அன்று எங்களைக் காப்பாற்றியது. அந்தப் பொறியாளருக்கு இன்றும் நன்றியுடன் இருக்கிறேன்.

செஷனை மூடி வைத்துவிட்டு, “ரெண்டு வாரம் டைம் குடுங்க சார், சரி பண்ணிட்டுக் கூப்பிடுறேன்” என்றேன். அந்த இரண்டு வாரத்தில் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உண்மையான எண்களைப் பொதுவில் போடக் கூடாது என்பதால், எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கிவைக்கப்பட்ட எண்களைப் பயன்படுத்துகிறேன். பிஜிபியில் ஒரு நிறுவனத்தின் வலையமைப்பை அடையாளம் காட்டுவது ஏஎஸ் எண். எங்களுடையது 64500, முகவரித் தொகுதி 203.0.113.0/24. சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது நீளம், அது கூடக் கூடத் தொகுதி சிறிதாகும். பழைய அப்ஸ்ட்ரீம் 64501, புதியது 64502. எங்களிடம் இணைப்பு வாங்கும் பக்கத்து ஊர் நிறுவனம் 64510. அவர்களுக்குச் சொந்தமாக 198.51.100.0/24 இருக்கிறது.

முதலில் வீட்டில்

ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரில் கை வைத்துப் பழகக் கூடாது. பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் போட்டு, தனித்தனிக் கணினிபோல் இயங்கும் நான்கு கன்டெய்னர்களில் எஃப்ஆர்ஆர் என்ற ரவுட்டர் மென்பொருளை ஏற்றினேன். நான்கும் நான்கு ரவுட்டர்கள். எங்களுக்கு இரண்டு அப்ஸ்ட்ரீமோடும் இணைப்பு, வாடிக்கையாளருக்கு எங்களோடு இணைப்பு, அப்ஸ்ட்ரீம்கள் இரண்டுக்கும் தங்களுக்குள் நேரடி இணைப்பு. நிஜத்திலும் அப்படித்தான் இருக்கும், நேராகவோ சுற்றியோ. 64501 பக்கம் 192.0.2.0/24ஐயும், கூட்டம் காட்டுவதற்காக 10.50.0.0இலிருந்து வரிசையாக 500 /24 துண்டுகளையும் அறிவிக்க வைத்தேன்.

செஷன்கள் எழுந்தன, ஆனால் ஒரு பாதையும் போகவில்லை. சுருக்கப் பட்டியலில் ப்ரிஃபிக்ஸ் எண்ணிக்கை வரவேண்டிய கட்டத்தில் ‘பாலிசி’ என்று அடைப்புக்குறிக்குள் நின்றது. பிழையல்ல அது. 2017இல் வந்த ஆர்எஃப்சி 8212 என்ற இணைய நெறிமுறை ஆவணம், வெளி ஏஎஸ்ஸோடு பேசும் செஷனில் கொள்கை (எதை ஏற்பது, எதை அனுப்புவது என்ற விதி) எதுவும் எழுதப்படாவிட்டால் எதையும் ஏற்காதே, எதையும் அனுப்பாதே என்கிறது. எஃப்ஆர்ஆரின் புதிய பதிப்புகள் அதை இயல்பாகவே கடைப்பிடிக்கின்றன. எங்கள் நிறுவனத்து ரவுட்டர் பழைய தலைமுறை. அதில் கொள்கை எழுதாவிட்டால் எல்லாவற்றையும் ஏற்கும், தேர்ந்தெடுத்த பாதைகள் எல்லாவற்றையும் எல்லா அண்டை ரவுட்டர்களுக்கும் சொல்லும். பிஜிபி பிறந்ததிலிருந்து பெரும்பாலான ரவுட்டர்கள் இந்தப் பழக்கத்தோடுதான் வந்தன. அன்றைய ராத்திரியை அப்படியே மறுபடி பார்க்க வேண்டியிருந்ததால், எஃப்ஆர்ஆரில் அந்தப் பாதுகாப்பை வேண்டுமென்றே அணைத்தேன்.

அணைத்ததும் 64502இன் பட்டியலில் 500 பாதைகளும் எங்கள் பெயரோடு வந்து நின்றன. பாதை வரிசை, அதாவது கடந்து வந்த ஏஎஸ் எண்கள்: 64500 64501. அதே 500 பாதைகள் 64501இலிருந்து நேரடியாகவும் வந்திருந்தன, வரிசை வெறும் 64501. குறுகிய பாதைதானே வெல்லும் என்று நினைத்தேன். வென்றது எங்களுடையது.

இது ஏன் என்று புரிந்த பிறகுதான் இந்தப் பிரச்சினையின் எடை எனக்குத் தெரிந்தது. அப்ஸ்ட்ரீம் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளரிடமிருந்து வரும் பாதைக்கு லோக்கல் ப்ரிஃபரன்ஸை (தங்களுக்குள் வைக்கும் முன்னுரிமை எண்) உயர்த்தி வைப்பது வழக்கம். வாடிக்கையாளர் வழியாகப் போனால் வருமானம், மற்றவர் வழியாகப் போனால் செலவு. நானும் பரிசோதனையில் 64502 பக்கம் எங்களுக்கு 200 வைத்திருந்தேன், மற்றவர்களுக்கு இயல்பான 100. பிஜிபி பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது லோக்கல் ப்ரிஃபரன்ஸைத்தான் முதலில் பார்க்கும், ஏஎஸ் வரிசையின் நீளம் அதற்குப் பிறகுதான். ஆகவே வாடிக்கையாளர் ஒருவர் தவறாக எதைச் சொன்னாலும் அப்ஸ்ட்ரீம் அதைத்தான் விரும்பி எடுத்துக்கொள்ளும். 64502க்குப் பின்னாலிருந்து 192.0.2.1க்கு, போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டேன். பக்கத்திலேயே நேர்வழி இருக்க, பாக்கெட் எங்கள் ரவுட்டருக்குள் இறங்கி, பழைய அப்ஸ்ட்ரீம் வழியாக ஏறிப் போனது. நிஜத்தில் இது நடந்திருந்தால் அந்தப் பெரிய நிறுவனத்தின் போக்குவரத்தில் ஒரு பங்கு எங்கள் ஒரு கிகாபிட் இணைப்பில் வந்து முட்டியிருக்கும்.

இதே வடிவத்தில் உலகம் பார்த்த விபத்து 2019 ஜூன் 24இல் நடந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இரண்டு இணைப்பு வைத்திருந்த ஓர் உலோக நிறுவனம், ஒரு அப்ஸ்ட்ரீமிடம் கேட்ட பாதைகளை மற்றொரு அப்ஸ்ட்ரீமான வெரைசானிடம் சொன்னது. அந்தப் பாதைகளில் சில, போக்குவரத்தைப் பிரித்தனுப்பும் கருவி ஒன்று உண்டாக்கிய சிறு துண்டுகள். பல தளங்களைத் தாங்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 104.20.0.0/20 இரண்டு /21களாக வெட்டப்பட்டிருந்தது. வெரைசான் பக்கம் வடிகட்டியும் இல்லை, எண்ணிக்கை எல்லையும் இல்லை. உலகின் பல இடங்களில் பல தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. பாதைக் கசிவுகளை வகைப்படுத்தும் ஆர்எஃப்சி 7908 இதைத்தான் முதல் வகையாகச் சொல்கிறது: ஒரு அப்ஸ்ட்ரீமிடம் கற்றதை மற்றொரு அப்ஸ்ட்ரீமிடம் சொல்வது. எங்களுக்கு ஐம்பது என்ற எல்லை இருந்தது, அவர்களுக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று முயற்சிகள்

முதல் முயற்சி, சொந்தமாகப் பிறந்த பாதைகளை மட்டும் அனுப்புவது. ஏஎஸ் வரிசை காலியாக இருந்தால் அது நம்முடையது. அதற்கான தேடல் கோவை ^$, தொடக்கமும் முடிவும் மட்டும், நடுவில் ஒன்றுமில்லை. இரண்டே எழுத்தில் முடிந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். 64502 பக்கம் பார்த்தால் 203.0.113.0/24 மட்டும் இருக்கிறது, வாடிக்கையாளரின் 198.51.100.0/24 காணோம். அவருடைய பாதையின் வரிசையில் 64510 இருக்கிறதே, காலி இல்லையே. கீழே வாடிக்கையாளர் யாரும் இல்லாத நிறுவனத்துக்கு இந்த வடிகட்டி போதும். எங்களுக்குப் போதாது.

இரண்டாவது முயற்சி, ப்ரிஃபிக்ஸ் பட்டியல்.

ஐபி ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் வெளியே சீக் 10 பெர்மிட் 203.0.113.0/24 லெ 32
ஐபி ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் வெளியே சீக் 20 பெர்மிட் 198.51.100.0/24

பட்டியலில் இல்லாதது தானாக மறுக்கப்படும். முதல் வரியின் கடைசியில் உள்ள ‘லெ 32’ஐப் பாருங்கள். ஏதோ ஒரு எடுத்துக்காட்டிலிருந்து கை தானாக எழுதியது. அதன் பொருள், இந்தத் தொகுதிக்குள் 32 வரை எந்த நீளத் துண்டானாலும் விடு. உள்ளே ஒரு கட்டடத்துக்கென நான் பிரித்து வைத்திருந்த 203.0.113.128/25, உள் வலையமைப்பில் பாதை சொல்லும் ஓஎஸ்பிஎஃப் வழியாக பிஜிபிக்குள் ஏறியிருந்தது. அதுவும் வெளியே போய்விட்டது.

/25 போனால் என்ன என்று தோன்றலாம். /24ஐவிட நீளமானதைப் பொதுவாக வெளியில் யாரும் ஏற்பதில்லை, உண்மை. ஆனால் அடுத்த வாசலில் இருப்பவர் ஏற்றுக்கொண்டால், அவர் வட்டத்தில் அந்தத் துண்டுதான் வெல்லும். ரவுட்டர் எப்போதும் மிக நீளமாகப் பொருந்தும் முகவரியைத்தான் எடுக்கும். 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூப் 208.65.152.0/22ஐ அறிவித்துக்கொண்டிருந்தபோது, பாகிஸ்தான் டெலிகாம் உள்நாட்டில் தடுப்பதற்காக உண்டாக்கிய 208.65.153.0/24 அதன் அப்ஸ்ட்ரீம் வழியாக உலகத்துக்குக் கசிந்தது. /22ஐவிட /24 நீளம். சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் உலகின் பெரும்பகுதிக்கு எட்டவில்லை. வரியின் கடைசியில் இருக்கும் அந்தச் சிறு எண்ணை நான் அதன் பிறகு ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படித்துத்தான் எழுதுகிறேன். 0.0.0.0/0 என்று மட்டும் எழுதினால் இயல்புப் பாதை ஒன்றே ஒன்று. அதோடு ‘லெ 32’ சேர்த்தால் உலகம் முழுவதும்.

‘லெ 32’ஐ நீக்கினேன். ஓஎஸ்பிஎஃப்பை பிஜிபிக்குள் கொட்டும் ரீடிஸ்ட்ரிப்யூட் வரியையும் எடுத்தேன். அது யாரோ எப்போதோ வசதிக்காகப் போட்டது. பதிலாக 203.0.113.0/24க்கு ஒரு பிளாக்ஹோல் ஸ்டாட்டிக் பாதையை (வருவதைக் கைவிடும், கையால் எழுதிய பாதை) வைத்து, நெட்வொர்க் வரியால் அதை மட்டும் அறிவித்தேன். இப்போது 64502 பக்கம் சரியாக இரண்டு பாதைகள். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பக்கத்து ஊர் நிறுவனத்து உரிமையாளரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். “அண்ணே, நானும் உங்க பழைய அப்ஸ்ட்ரீம்கிட்டயே ஒரு லைன் எடுக்கலாம்னு இருக்கேன், உங்க லைன் போனாலும் எனக்கு ஓடணும்ல” என்றார். நியாயம்தான். போனை வைத்ததும் பரிசோதனையில் அந்த இணைப்பையும் போட்டேன், 64510க்கும் 64501க்கும் நேராக. எல்லாம் பழையபடியே இருந்தது. பிறகு எங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான இணைப்பைத் துண்டித்தேன்.

64502இன் பட்டியலில் 198.51.100.0/24 அப்படியே நின்றது, எங்களிடமிருந்துதான். வரிசை மட்டும் மாறியிருந்தது: 64500 64501 64510.

நடந்தது இதுதான். வாடிக்கையாளரிடம் நேரடி இணைப்பு போனதும், அவருடைய தொகுதிக்கான பாதையை எங்கள் ரவுட்டர் பழைய அப்ஸ்ட்ரீமிடம் கற்றுக்கொண்டது. ப்ரிஃபிக்ஸ் பட்டியல் முகவரியை மட்டும்தான் பார்க்கிறது. 198.51.100.0/24 பட்டியலில் இருக்கிறது, ஆகவே போகலாம். அது வாடிக்கையாளர் வாசலில் வந்ததா, அப்ஸ்ட்ரீம் வாசலில் வந்ததா என்று பட்டியலுக்குத் தெரியாது. மறுபடியும் ஒரு அப்ஸ்ட்ரீமிடம் கேட்டதை மற்றொரு அப்ஸ்ட்ரீமிடம் சொல்லிவிட்டேன்.

என்னை உலுக்கியது இதன் மறைவுத்தன்மை. பிஜிபி தான் தேர்ந்தெடுத்த பாதையை மட்டுமே வெளியே சொல்லும். வாடிக்கையாளர் இணைப்பு உயிரோடு இருக்கும் வரை அந்தப் பாதைதான் வெல்லும், கசிவு தெரியாது. மாதக்கணக்கில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஒருநாள் எங்கோ குழி தோண்டும் இயந்திரம் ஃபைபரை அறுக்கும்போதுதான் இது வெளிவரும். அந்த நேரத்தில் நாங்கள் அறுந்த ஃபைபரைத் தேடிக்கொண்டிருப்போம், இதை யாரும் பார்க்கமாட்டோம். அந்த ஒரு போன் வராமல் இருந்திருந்தால் இரண்டாவது முயற்சியோடு நிறுத்தியிருப்பேன்.

மூன்றாவது முயற்சி: வாசலிலேயே முத்திரை

கேள்வியையே மாற்ற வேண்டியிருந்தது. ‘இது எந்த முகவரி’ என்று வெளியே போகும்போது கேட்பதோடு, ‘இது எங்கிருந்து வந்தது’ என்றும் கேட்க வேண்டும். அதற்குப் பதில் உள்ளே வரும் வாசலில் மட்டுமே தெரியும். ஆகவே அங்கேயே முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். பிஜிபியில் இதற்குக் கம்யூனிட்டி என்று பெயர், பாதையோடு ஒட்டிச் செல்லும் ஓர் எண். நான் வைத்தவை: எங்கள் சொந்தப் பாதைக்கு 64500:100, வாடிக்கையாளரிடமிருந்து வந்ததற்கு 64500:200, அப்ஸ்ட்ரீமிடமிருந்து வந்ததற்கு 64500:300. எந்த அப்ஸ்ட்ரீமுக்கும் வெளியே போக வேண்டுமானால் 100 அல்லது 200 இருக்க வேண்டும், ப்ரிஃபிக்ஸ் பட்டியலிலும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

ரூட்-மேப் அப்ஸ்ட்ரீமுக்கு பெர்மிட் 10
மேட்ச் கம்யூனிட்டி சொல்லலாம்
மேட்ச் ஐபி அட்ரஸ் ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் வெளியே
ரூட்-மேப் அப்ஸ்ட்ரீமுக்கு டினை 99

300 உள்ளவற்றைத் தடு என்று எழுதாமல், 100, 200 உள்ளவற்றை மட்டும் விடு என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. நாளைக்கு யாராவது புதிய அண்டை ரவுட்டரைச் சேர்த்து, முத்திரை போட மறந்துவிடலாம். தடுப்புப் பட்டியலாக இருந்தால் முத்திரை இல்லாத பாதை வெளியே ஓடிவிடும். அனுமதிப் பட்டியலாக இருந்தால் உள்ளேயே நிற்கும். மறதிக்கு நஷ்டம் எங்களோடு போகும், ஊராரைப் பாதிக்காது.

இதில் மூன்று இடங்களில் தடுக்கி விழுந்தேன். வெளியே விடலாம் என்ற முத்திரைகளுக்கான ‘சொல்லலாம்’ பட்டியலில் 64500:100 64500:200 என்று ஒரே வரியில் எழுதினேன். எதுவுமே போகவில்லை. ஒரே வரியில் எழுதினால் இரண்டு முத்திரையும் ஒருசேர இருக்க வேண்டும் என்று பொருள். தனித்தனி வரியாக எழுதினால்தான் ஏதேனும் ஒன்று.

அடுத்தது, வாடிக்கையாளர் வாசலில் ‘செட் கம்யூனிட்டி 64500:200’ என்று எழுதியது. அது ஏற்கெனவே பாதையில் இருந்த எல்லா முத்திரைகளையும் அழித்துவிட்டுப் புதியதை வைக்கிறது. சோதனைக்காக வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து 65535:65281 போட்டு அனுப்பினேன். ‘உங்கள் ஏஎஸ்ஸைத் தாண்டி இதை வெளியே சொல்லாதீர்கள்’ என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட முத்திரை அது. எங்கள் ரவுட்டர் அதை அழித்துவிட்டு இரண்டு அப்ஸ்ட்ரீமுக்கும் சொல்லிவிட்டது. வாடிக்கையாளர் தெளிவாகச் சொன்ன வேண்டுகோளை நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று ஆகிவிடுகிறது. வரியின் கடைசியில் ‘அடிட்டிவ்’ சேர்த்ததும் சரியானது.

மூன்றாவது அதற்கு எதிர்ப்பக்கம். வெளியிலிருந்து வருகிறவர் 64500:100 என்று தானே முத்திரை போட்டு அனுப்பினால்? எங்கள் சொந்தப் பாதை என்று நம்பிவிடுவோம். ஆகவே எந்த வாசலானாலும், முதலில் 64500 என்று தொடங்கும் முத்திரைகளை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, பிறகே எங்கள் முத்திரையை வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே படியில் போட்டால் எது முதலில் நடக்கும் என்ற சந்தேகம் வரும். அதனால் சீக் 10இல் சுரண்டல், அங்கிருந்து அடுத்த படிக்குத் தொடர்ச்சி, சீக் 20இல் முத்திரை என்று பிரித்து வைத்தேன்.

மறுபடி வாடிக்கையாளர் இணைப்பைத் துண்டித்தேன். சில வினாடியில் 64502இன் பட்டியலில் எங்களிடமிருந்து வந்த 198.51.100.0/24 மறைந்தது. 64501இலிருந்து நேரடியாக வந்தது மட்டும் நின்றது. இணைப்பைப் பொருத்தினேன், திரும்பி வந்தது. பத்து முறையாவது கழற்றி மாட்டிப் பார்த்திருப்பேன்.

உள்ளே வருவதற்கும்

வெளியே சொல்வதில் ஒழுங்கு வந்துவிட்டது. இரண்டாவது அப்ஸ்ட்ரீம் எங்களுக்குச் செய்த உபகாரத்தை நாங்கள் எங்கள் வாடிக்கையாளருக்குச் செய்ய வேண்டாமா? அவரிடமிருந்து 198.51.100.0/24 மட்டும், அதே நீளத்தில். ஏஎஸ் வரிசை ^64510(_64510)*$, அதாவது அவர் எண் மட்டும், வேண்டுமானால் திரும்பத் திரும்ப. போக்குவரத்தைச் சாய்ப்பதற்காகச் சொந்த எண்ணைப் பல முறை போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு, அதை மறுக்கக் கூடாது. அதற்கு மேல் 10 ப்ரிஃபிக்ஸ் என்ற எண்ணிக்கை எல்லை. அவரிடம் சொன்னபோது “நான் ஒரே ஒரு ப்ளாக்தானே அண்ணே அனுப்புறேன், இதெல்லாம் எதுக்கு?” என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்று அந்த ராத்திரி நடந்ததை முழுக்கச் சொன்னேன். தன் பக்கத்திலும் அதே முத்திரை முறையைப் போட்டுத் தரச் சொன்னார். அவருக்கும் இப்போது இரண்டு அப்ஸ்ட்ரீம் ஆகப்போகிறதே.

அப்ஸ்ட்ரீம் பக்கத்திலிருந்து வருவதில், எங்கள் 203.0.113.0/24உம் அதன் துண்டுகளும் வந்தால் மறுப்பு. பாதையில் எங்கள் ஏஎஸ் எண் இருந்தால் ரவுட்டர் தானாகவே தள்ளிவிடும், ஆனால் எங்கள் முகவரியை வேறு யாராவது தன்னுடையது என்று அறிவித்தால் அதில் எங்கள் எண் இருக்காது. அந்தச் சமயத்துக்கு இந்த வரி வேண்டும். பிறகு /24ஐவிட நீளமானவை, தனியார் முகவரிகள், பொதுவெளியில் வரவே கூடாத தொகுதிகள். இந்த வரியைப் போட்டதும் பரிசோதனையிலிருந்த 500 பாதைகளும் மறைந்தன. 10.50 என்பதே தனியார் முகவரிதானே, வடிகட்டி ஒழுங்காக வேலை செய்தது. எடுத்துக்காட்டுத் தொகுதிகள் மூன்றும் அந்தத் தடைப் பட்டியலில் சேர வேண்டியவைதான். வீட்டில் மட்டும் விலக்கி வைத்திருந்து, நிஜ ரவுட்டரில் சேர்த்தேன்.

ஆர்பிகேஐ இருந்தால் இதெல்லாம் தேவைப்படாதா என்று சக ஊழியர் கேட்டார். அது பாதை எந்த ஏஎஸ்ஸில் பிறந்தது என்பதைச் சரிபார்க்கிறது. கசிவில் பிறந்த இடம் மாறுவதில்லை. 192.0.2.0/24 உண்மையிலேயே 64501இல் பிறந்தது, நாங்கள் நடுவில் நுழைந்ததுதான் தவறு. ஆர்பிகேஐ அதைச் சரி என்றே சொல்லும். எங்கள் தொகுதிக்கு ஆர்ஓஏ (அதை அறிவிக்க எந்த ஏஎஸ்ஸுக்கு உரிமை என்ற கையெழுத்திட்ட பதிவு) போட்டுவைத்தோம், அதிகபட்ச நீளம் 24. அது வேறு பாதுகாப்பு.

இந்த முத்திரை வேலையையே பிஜிபிக்குள் தானாக நடக்கும்படி செய்யும் வழியும் இருக்கிறது. 2022இல் வந்த ஆர்எஃப்சி 9234. ஒவ்வொரு செஷனிலும் ‘நான் வாடிக்கையாளர்’, ‘நீ வழங்குபவர்’ என்று பங்கைச் சொல்லிவிட்டால், வழங்குபவரிடமிருந்து வந்த பாதைக்கு ஓடிசி என்ற குறி ஒட்டும். அந்தக் குறி உள்ளது மறுபடி எந்த வழங்குபவருக்கும் போகாது. எஃப்ஆர்ஆரில் இரண்டு அப்ஸ்ட்ரீம் செஷனிலும் லோக்கல்-ரோல் கஸ்டமர் என்று ஒவ்வொரு வரி போட்டேன். முத்திரைகளை எல்லாம் நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் கசிவு ஏற்படவில்லை. எதிர்ப்பக்கம் எதுவும் மாற்றவில்லை. மிக அழகான ஏற்பாடு. எங்கள் பழைய ரவுட்டரில் அந்த வசதி இல்லை. அடுத்த ரவுட்டர் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளில் இதை முதலாவதாக எழுதி வைத்திருக்கிறேன்.

நிஜ ரவுட்டரில்

ஒத்திகையில் செய்த ஒரு தவறு இங்கே பெரிதும் உதவியது. வீட்டில் ஒருமுறை வெளியே போகும் வடிகட்டியை முதலில் போட்டுவிட்டு, முத்திரைகளைப் பிறகு போட்டேன். நடுவிலிருந்த அந்த ஒரு நிமிடத்தில் எந்தப் பாதையிலும் முத்திரை இல்லை. ஆகவே 203.0.113.0/24கூட அப்ஸ்ட்ரீமிடமிருந்து திரும்பப் பெறப்பட்டது. நிஜத்தில் அது நடந்தால் நாங்கள் இணையத்திலிருந்தே மறைந்திருப்போம், நான் தொலைவிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தால் ரவுட்டருக்குள் திரும்ப நுழையவும் முடிந்திருக்காது. ஆகவே வரிசையைத் தாளில் எழுதி, ரவுட்டர் இருக்கும் அறைக்கே நேரில் போய், கன்சோல் கேபிளைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். அதிகாலை இரண்டு மணி.

முதலில் சொந்தப் பாதைக்கு முத்திரை. பிறகு வாடிக்கையாளர் வாசல், பிறகு பழைய அப்ஸ்ட்ரீம் வாசல். விதி மாறினாலும் ஏற்கெனவே வந்த பாதைகள் பழையபடியே இருக்கும், மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு கிளியர் கட்டளையோடு ‘சாஃப்ட் இன்’. அந்தச் சொல்லை விட்டுவிட்டு வெறும் கிளியர் கொடுத்தால் செஷனே அறுந்து எழும். 9 லட்சம் பாதைகள் மறுபடி வந்து இறங்கச் சில நிமிடங்கள் ஆயின, ரவுட்டரின் சிபியு உச்சத்தில் நின்றது. இறங்கியதும், முத்திரை இல்லாத பாதை ஏதேனும் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகே வெளியே போகும் வடிகட்டியைப் போட்டு, ‘சாஃப்ட் அவுட்’. பழைய அப்ஸ்ட்ரீமுக்கு எதை அறிவிக்கிறோம் என்று பார்த்தேன்: இரண்டு வரி.

அப்போதுதான் ஐபிவி6 நினைவுக்கு வந்தது. ஐபிவி4க்கு எழுதிய ப்ரிஃபிக்ஸ் பட்டியல் ஐபிவி6ஐத் தொடாது, அது தனிக் குடும்பம். புதிய அப்ஸ்ட்ரீமோடு ஐபிவி6 செஷனும் இருக்கிறது, அதைத் திறந்திருந்தால் அதே கசிவு அந்தப் பக்கம் நடந்திருக்கும். தூக்கத்தை விட்டுவிட்டு மறுபடி எல்லாவற்றையும் ஐபிவி6க்கு எழுதினேன், அங்கே நீள எல்லை /48. தாளில் இருந்த வரிசையைத் திருத்தி, ஒவ்வொரு படிக்கும் 4, 6 என்று இரண்டு கட்டம் போட்டுவைத்தேன்.

மூன்றே முக்காலுக்கு அந்தப் பொறியாளரைக் கூப்பிட்டேன். அவர் இரவுப் பணியில்தான் இருந்தார். செஷனைத் திறந்தார். எழுந்தது, நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். என் பக்கம் பதிவில் எந்த 6/1உம் இல்லை.

“எங்ககிட்டருந்து எத்தனை வருது சார்?” என்று கேட்டேன்.

கீபோர்டு சத்தம் கேட்டது. “வி4ல ரெண்டு, வி6ல ரெண்டு. ரெண்டாவதோட பாத்ல 64510 இருக்கு. சரிதானே சார்?”

“அதேதான் சார்.”

“அப்போ லிமிட்டை ஐம்பதுலயே வெச்சிடட்டுமா?”

“ஐம்பதுகூட வேணாம் சார், இருபதாக் குறைச்சிடுங்க” என்றேன். அவர் குறைத்தார். செஷன் நின்றுகொண்டே இருந்தது. கன்சோல் கேபிளைச் சுருட்டி ரேக்கின் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.